ஷிஃப்ட் விட்டா கிரவுண்டு: ஆம்பூர்ல ஒரு புட்பால் கிளப்

எங்க கிளப்போட வரலாறு சொல்லுங்கன்னு ஊர்ல யாரைக் கேட்டாலும் கப்பு கணக்குதான் சொல்லுவாங்க. எந்த ஊருக்குப் போயி எந்த கப்பு தூக்கினு வந்தோம், ஃபைனல்ல யாரு கோல் போட்டது, எந்த ரெஃப்ரி நமக்கு பெனால்டி குடுக்காம விட்டான், இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கும், நானும் சின்ன வயசுலருந்து வாயப் பொளந்துகினு கேட்டவன்தான். ஆனா கொஞ்ச வருஷமா பழைய பிளேயருங்க வீட்டுக்குப் போயி உக்காந்து பேசிப் பேசி இப்ப எனக்கு வேற ஒரு கணக்கு தெரியுது. எங்க டீம் நல்லா ஆடின காலம் எல்லாம் தோல் நல்லா போன காலம். டீம் கலைஞ்ச காலம் எல்லாம் ஷாப்பு மூடிக் கெடந்த காலம். யாரு சாயந்திரம் நாலரை மணிக்கு கிரவுண்டுக்கு வர முடிஞ்சுது, யாரால முடியல, அவ்ளோதான் எங்க கிளப்போட கதை. கப்பெல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது.

ஆம்பூர் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். பிரியாணின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், அதோட நிறுத்திடுவாங்க. சென்னை பெங்களூர் ரயில் பாதைமேல, பாலாத்தங்கரையில, வாணியம்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் பக்கத்துல இருக்கற ஊரு. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, இப்படி பாலாறு ஓரமா தோல் ஷாப்பு இருக்கற ஊர்ல எங்களதும் ஒண்ணு. எங்க பக்கம் டேனரின்னு சொல்ல மாட்டாங்க, தோல் ஷாப்புன்னுதான் சொல்லுவாங்க. முன்னாடி எல்லாம் வடார்க்காடு ஜில்லா. 1989ல அதைப் பிரிச்சாங்க, அப்புறம் வேலூர் மாவட்டம்னு ஆச்சு, 2019ல மறுபடியும் பிரிச்சு நாங்க திருப்பத்தூர் மாவட்டத்துக்குள்ள போயிட்டோம். பெரியவங்க இன்னிக்கும் நார்த் ஆர்க்காட் டீம்னுதான் சொல்லுவாங்க. ஜில்லா டீமுக்கு ஆடின ஒருத்தர் அந்த ஜெர்சிய இன்னும் இரும்புப் பெட்டிக்குள்ள வச்சிருக்கார், கேட்டா எடுத்துக் காட்டுவார், தொட விடமாட்டார்.

பழைய தோல் ஷாப்பு வேலை எப்படின்னு இப்ப இருக்கற பசங்களுக்கே தெரியாது, அதனால சொல்றேன். உப்பு போட்டு வந்த தோல தண்ணியில ஊற வைக்கணும், அப்புறம் சுண்ணாம்புக் குழி, முடி எடுக்கறது, கட்டைமேல போட்டு கத்தியால சதை சீவறது, அப்புறம் பட்டைத் தொட்டி. ஆவாரம் பட்டை, கடைசியில கடுக்காய், பின்னாடி வாட்டில் பட்டை வந்துச்சு. இப்படிப் பதப்படுத்தின தோலுக்கு ஈ.ஐ. தோல்னு பேரு, ஈஸ்ட் இந்தியா காலத்துலருந்து வந்த பேரு, கப்பல்ல சீமைக்குப் போவும். தொட்டிக்குள்ள எறங்கித்தான் வேலை. ஊறின எருமைத் தோல் ஒண்ணத் தூக்கிப் பாத்தாதான் அந்த வெயிட் தெரியும், அதை நாள் முழுக்க தூக்கித் தூக்கி அடுத்த தொட்டியில போடணும். சுண்ணாம்புத் தண்ணியில நின்னு நின்னு பாதமெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். அந்தக் காலோடதான் அவங்க சாயந்திரம் கிரவுண்டுக்கு வந்து வெறுங்கால்ல ஆடினாங்க. விடியக்காலையிலயே வேலைக்கு எறங்கிடறதால வெயில் சாயறப்போ விட்டுடுவாங்க, அந்த நேரம்தான் கிளப்பு பொறந்த நேரம்.

பந்து எப்படி வந்துச்சுன்னா, பள்ளிக்கூடம் வழியா வந்துச்சு. மெட்ராஸ்ல 1920ல ஹாரி குரோ பக்னு ஒரு அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி ஆரம்பிச்சார், இப்ப நந்தனத்துல இருக்கே அதேதான். அங்க படிச்சு வந்த டிரில் மாஸ்டருங்கதான் ஜில்லா ஜில்லாவா போயி பள்ளிக்கூடங்கள்ல விசிலும் ரூல் புக்கும் கொண்டுபோயி சேத்தாங்க. எங்க ஊர்லயும் அப்படி ஒரு மாஸ்டர் இருந்தார். எங்க ஊர்ல கன்கார்டியா, மஜ்ஹருல் உலூம், ஹிந்து ஸ்கூல்னு மூணு பெரிய பள்ளிக்கூடம், பேரப் பாத்தாலே எந்த வீட்டுப் பசங்க எங்க படிப்பாங்கன்னு உங்களுக்குப் புரியும். பகல்ல தனித்தனியா படிச்ச பசங்க சாயந்திரம் ஒரே கிரவுண்டுல நின்னாங்க, அவங்ககூட தொட்டி வேலைக்குப் போற அண்ணன்மாருங்களும் நின்னாங்க. மாஸ்டர் ரெண்டு பேக், மூணு ஹாஃப், அஞ்சு ஃபார்வர்டுன்னு மண்ணுல குச்சியால கோடு போட்டு நிக்க வைப்பாராம். யாரு எந்தத் தெரு, யாரு வீட்டுப் பையன்னு கேக்கவே மாட்டாராம், "உன் ஜாகா எதுடா"ன்னு மட்டும்தான் கேப்பாராம். ஜாகான்னா ஃபீல்டுல நிக்கற இடம்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆவணும். அப்போ டீக்கடையில ரெண்டு வகை கிளாஸ் வச்சிருந்த காலம். தோல் ஷாப்புல தொட்டிக்குள்ள எறங்கறவங்க பெரும்பாலும் சேரி ஜனங்க, ஓனருங்க பெரும்பாலும் முஸ்லிம் மண்டிக்காரங்க, கணக்கு எழுதறவங்க வேற ஆளுங்க. கிரவுண்டுல ஒரே ஒரு மண்பானை, ஒரே ஒரு அலுமினிய டம்ளர். அத வச்சது மாஸ்டர். சில வீட்டுல இதுக்காக பசங்கள அனுப்பாம நிறுத்திட்டாங்க, மாஸ்டர் போயி கெஞ்சவும் இல்ல, ரெண்டாவது டம்ளர் வாங்கவும் இல்ல. கொஞ்ச நாள்ல அந்தப் பசங்களே வீட்டுக்குத் தெரியாம வந்து நின்னாங்களாம். எங்க கிளப்பு செஞ்சதுலயே பெரிய காரியம்னு நான் நெனைக்கறது இதத்தான். கிளப்பு ரூம்ல மாட்டின போர்டுல கப்பு பேரு இருக்கு, தலைவருங்க பேரு இருக்கு, எல்லாம் பணம் குடுத்த மண்டிக்காரங்க பேரு, அவங்க குடுக்கலன்னா கிளப்பே இல்ல, அதுல எனக்கு மாத்துக் கருத்து கெடையாது. ஆனா தொட்டியில நின்னுட்டு வந்து ஆடினவங்க பேரு ஒண்ணு கூட அந்த போர்டுல இல்ல, அது எனக்கு ரொம்ப உறுத்துது. ஜெனரல் பாடியில பேசியிருக்கேன், இன்னும் பேசுவேன்.

பெரியவங்ககிட்ட எந்த வருஷம்னு கேட்டா வருஷம் சொல்ல மாட்டாங்க. "ரஹீம் சாப் டீம் ஜகார்த்தாவுல ஜெயிச்சுதே, அப்போ நம்மகிட்ட ஒரே ஒரு பாலுதான்"னு ஆரம்பிப்பாங்க. அது 1962 ஆசிய விளையாட்டு. ஃபைனல்ல தென் கொரியாவ 2-1ன்னு ஜெயிச்சாங்க, பி.கே. பானர்ஜி ஒண்ணு, ஜர்னைல் சிங் ஒண்ணு. ஜர்னைல் சிங் பேக் ஆடற ஆளு, தலையில அடிபட்டு தையல் போட்டிருந்ததால கோச் ரஹீம் அவரை ஃபார்வர்டா மாத்தி எறக்குனார், அவரு தலையாலயே கோல் போட்டார். கோல்ல நின்னது பீட்டர் தங்கராஜ், பட்டாளத்துல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து வந்த தமிழரு. எங்க ஊருக்கு இந்த டீம்மேல ரெண்டு பக்கமும் பாசம், தங்கராஜ் நம்ம ஆளுன்னு ஒரு பாதி, ரஹீம் ஹைதராபாத்துக்காரர் நம்ம பாஷை பேசறவர்னு உருது வீட்டுக்காரங்க இன்னொரு பாதி. அடுத்த வருஷமே ரஹீம் கேன்சர்ல இறந்துட்டார், அந்த சேதி வந்த அன்னிக்கு பிராக்டீஸ் நடக்கலைன்னு ஒரு பாய் சொன்னப்போ அவருக்கு தொண்ட கட்டிக்கிச்சு.

அந்த ஒரே பாலுக்கு வர்றேன். ஜலந்தர் பாலு. பிரிவினைக்கு அப்புறம் சியால்கோட்லருந்து வந்தவங்க ஜலந்தர்ல உக்காந்து நடத்தின தொழில், இன்னிக்கும் நம்ம நாட்டு பாலு நிறைய அங்கருந்துதான் வருது. உள்ள ரப்பர் பிளேடர், ஊதி முடிச்சு வாயை நூலால இறுக்கிக் கட்டி உள்ள மடிச்சுத் தள்ளி மேல லேஸ் போட்டு இழுக்கணும். லேஸ் இருக்கற பக்கம் தலையில பட்டா நெத்தி கிழியும், அதனால ஹெடிங்கு போறவன் பாலு சுத்தி வர்றதப் பாத்து போவணும். மழையில நனைஞ்சா தண்ணிய குடிச்சு ரெண்டு பங்கு வெயிட் ஆயிடும், கார்னர் அடிச்சா பாக்ஸ் வரைக்கும் கூட வராது. இங்கதான் எங்க ஊர்க்காரங்க கெட்டி. மத்த ஊர்ல அந்த பாலு ஒரு சீசன்ல பிஞ்சுடும், எங்க ஊர்ல மூணு சீசன் ஓடும். ஏன்னா தோல எப்படி வச்சுக்கணும்னு இவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். ஷாப்புல தோலுக்குத் தடவற புங்க எண்ணெய கொஞ்சம் கொண்டாந்து நெழல்ல வச்சு தையல் ஓரமா தடவி, துணியால தேச்சு, காத்த பாதி எறக்கி, கயித்துல கட்டித் தொங்க விடுவாங்க. வெயில்ல வச்சவனுக்கு அடி விழும். ஒரு பெரியவர் சொன்னார், "தம்பி, நான் இருவது வருஷம் தோலுக்கு வேலை செஞ்சேன், எல்லாத் தோலும் கப்பல்ல போயிடுச்சு, அந்த பாலு ஒண்ணுதான் நான் பாத்துப் பாத்து வச்சு என்கூடவே இருந்துச்சு."

பூட்ஸ் கதை தனி. 1948 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம ஆளுங்க ரொம்பப் பேர் வெறுங்கால்ல ஆடி பிரான்ஸ்கிட்ட 2-1ன்னு தோத்தாங்க, 1952 ஹெல்சிங்கி குளிர்ல யூகோஸ்லாவியாகிட்ட 10-1, அதுக்கு அப்புறம்தான் பூட்ஸ் போட்டே ஆவணும்னு மேல இருக்கறவங்க சட்டம் போட்டாங்க. பெரிய டோர்னமென்ட்ல எல்லாம் பூட்ஸ் இல்லாம எறங்க விட மாட்டாங்க. ஊரே தோல் ஊரு, தோல் எல்லாம் கப்பலேறிப் போவுது, இவங்க கால்ல போட பூட்ஸ் இல்ல. பஜார்ல செருப்பு தைக்கற ஒரு தாத்தா இருந்தாராம், ஷாப்புல வெட்டிப்போட்ட தோல் துண்டுகள எடுத்தாந்து குடுத்தா அவரே கால் அளவு பாத்து பூட்ஸ் தைப்பார். ஸ்டட்டுக்கு தோல வட்டம் வட்டமா வெட்டி ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி ஆணி அடிச்சுடுவார். நாலு மேட்ச் ஆனா ஆணி மேல ஏறி பாதத்துல குத்தும், ஹாஃப் டைம்ல கல்ல எடுத்து உள்ள விட்டு தட்டுவாங்க. மேட்சுக்கு முன்னாடி ரெஃப்ரி ஒவ்வொருத்தர் அடிக்காலையும் தூக்கச் சொல்லி கைய வச்சுத் தடவிப் பாப்பார், ஆணி தெரிஞ்சா வெளிய. காசு கேக்காம தைச்சுக் குடுத்த அந்த தாத்தா ஒரு மேட்ச் கூட விடாம வந்து கோல் போஸ்ட் பின்னாடி உக்காருவாராம், ஆளுங்க ஆடறதப் பாக்க மாட்டார், காலைத்தான் பாத்துகினு இருப்பார்.

பிராக்டீஸ் ஆத்துல. பாலாறு தமிழ்நாட்டுக்குள்ள 222 கிலோமீட்டர் ஓடற ஆறு, ஓடறதுன்னா வருஷத்துல சில நாள்தான், மத்த நாள் எல்லாம் மணல். அப்போ இருந்த மணல் வேற, முழங்கால் பொதையற மணல். அதுல ஒரு மணி நேரம் ஓடினவன் கெட்டித் தரையில எறங்கினா கால் தரையிலயே நிக்காதாம். எங்க டீம் செகண்ட் ஹாஃப்ல கோல் போடற டீம்னு வெளியூர்ல பேரு இருந்துச்சு, எதிர் டீம் தளர்ந்து போறப்போ எங்க ஆளுங்களுக்கு அப்பதான் சூடு பிடிக்கும். தொட்டியும் மணலும் செஞ்ச கால் அது. அந்த மணல் இப்ப இல்ல. லாரி லாரியா அள்ளிட்டாங்க, கீழ கட்டாந்தரையும் பள்ளமும் சீமைக் கருவேலமும்தான் மிச்சம். 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு வெள்ளம் வந்தப்போ ஊரே பாலத்துமேல நின்னு பாத்துச்சு, பழைய பிளேயர் ஒருத்தர் என் பக்கத்துல நின்னுகினு "மணல் ஏதாவது வருமா பாரு"ன்னு கேட்டார். கொஞ்சம் வந்துச்சு, பத்தல.

கிரவுண்டு விஷயத்துல தோல் ஷாப்பு இன்னொரு வகையிலயும் உள்ள வருது. கோடு போடற சுண்ணாம்பு ஷாப்புலருந்துதான். முடி எடுக்கறதுக்கு வாங்கின சுண்ணாம்புல ஒரு மூட்டைய ஓனர் குடுப்பார், டோர்னமென்ட்டுக்கு முந்தின ராத்திரி கயிறு கட்டி 18 கஜம் அளந்து கோடு போடுவாங்க. ஆனா அந்த சுண்ணாம்பு காரம், கோட்டுமேல சறுக்கி விழுந்தா தோலை அரிச்சுடும், கண்ணுல பட்டா சொல்லவே வேணாம். ஒரு கோலிக்கு, அதான் கோல் கீப்பருக்கு, அப்படி ஆனதுக்கு அப்புறம்தான் கோலமாவுக்கு மாறினாங்க. கோல் போஸ்ட்டு சவுக்குக் கட்டை, 24 அடிக்கு ஒரே நேர்கட்டை கெடைக்காது, நடுவுல தொங்கும், அதுக்கு முட்டுக் குடுக்க முடியாதே. வலை இல்லாத காலத்துல பாலு உள்ள போச்சா வெளிய போச்சான்னு சண்டை வந்து ஒரு ஃபைனலே நின்னு போச்சு, அடுத்த வருஷம் ஏரியில மீன் பிடிக்கறவங்ககிட்ட பழைய வலை வாங்கிக் கட்டினாங்க.

டோர்னமென்ட்னா கோடை லீவுல. வேலூர் ஜில்லா வெயில்னா கேக்கணுமா, 40 டிகிரிக்கு மேல, அதனால நாலரைக்கு முன்னாடி விசில் அடிக்க மாட்டாங்க. நாக் அவுட்டு, ரோலிங் கப்பு, மைக்செட்டு, மூங்கில் கட்டி ஓலை போட்ட கேலரி. ரயில்ல டீம் வந்து எறங்கறதுக்கே கூட்டம் ஸ்டேஷனுக்குப் போவும். ஜோலார்பேட்டை, அரக்கோணம் ரயில்வே பசங்க வருவாங்க, வேலூர்லருந்து வருவாங்க, பெங்களூர்லருந்து வருவாங்க. பெங்களூர்ல அல்சூர் பக்கம் கௌதமபுரான்னு ஒரு தமிழ்ப் பேட்டை, பெலேவுக்கு சிலை வச்சிருக்காங்க, அந்த அளவுக்கு புட்பால் வெறி, அங்க நிறைய குடும்பத்துக்கு பூர்வீகம் வடார்க்காடுதான். ஆனா எல்லாரும் காத்துகினு இருந்தது கே.ஜி.எஃப்., அதான் கோலார் தங்கவயல், டீமுக்கு. தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன தமிழருங்கள்ல ரொம்பப் பேர் நம்ம பக்கத்துலருந்து போனவங்க. எதிர் டீம் பேக்கு நம்ம ரைட் அவுட்டுக்கு மாமன் பையனா இருப்பான், கிரவுண்டுல காலை உடைக்கற மாதிரி ஆடுவாங்க, ராத்திரி அதே வீட்டுலதான் சாப்பாடு. சுரங்கம் 2001 பிப்ரவரியில மூடிட்டாங்க. இப்ப அங்க இருக்கற பசங்க விடியக்காலை மாரிக்குப்பத்துலருந்து ரயில் ஏறி பெங்களூர் வேலைக்குப் போயி இருட்டினதுக்கு அப்புறம் திரும்பறாங்க. சாயந்திரம் கிரவுண்டுக்கு வர ஆளே இல்லாத ஊர்ல டீம் எப்படி இருக்கும்? எங்க கதையும் அவங்க கதையும் ஒண்ணுதான்னு நான் சொல்றது இதனாலதான்.

எங்க ஊருக்கு மாத்தம் வந்தது எழுபதுகள்ல. 1973லருந்து அரைப் பதம் பண்ணின தோல ஏற்றுமதி பண்றதுக்கு கவர்மென்ட்டு கட்டுப்பாடு போட்டுச்சு, முழுசா பதப்படுத்தி, முடிஞ்சா செருப்பா ஷூவா பண்ணி அனுப்புங்கன்னு சொல்லுச்சு. பட்டைத் தொட்டி கொறைஞ்சு குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்தறது வந்துச்சு, பெரிய பெரிய மர டிரம் வந்துச்சு, மெஷின் வந்துச்சு, ஷூவோட மேல்பாகம், அதான் அப்பர், தைக்கற கம்பெனிங்க வந்துச்சு. ஊர்ல காசு பொழங்குச்சு. எங்க டீமோட நல்ல காலம் அதுதான், எண்பதுகள் பூரா. நல்லா ஆடற பையன்னா ஓனரே கூப்பிட்டு வேலை போட்டுக் குடுப்பார், மேட்ச் இருந்தா மத்தியானமே விட்டுடுவாங்க, வெளியூர் போனா வேன், ரெண்டு செட் ஜெர்சி, ஜெயிச்சு வந்தா மண்டியில பிரியாணி. பையனுக்கு ஆட்டம் ஒரு சம்பளத்துக்கு வழியாச்சு, வீட்டுலயும் தடுக்கல.

1986ல தூர்தர்ஷன்ல உலகக் கோப்பை மேட்ச் போட்டாங்க. மெக்சிகோ மேட்ச்சு, நமக்கு நடுராத்திரி. டி.வி. இருந்த நாலஞ்சு வீட்டுத் திண்ணையில ஊரே உக்காந்து மரடோனாவப் பாத்துச்சு. மறுநாளே பசங்க எல்லாம் ஒரே ஆளா ஏழு பேரை கட் பண்ணிகினு போவப் பாத்தானுங்க, கோச்சு தலையில அடிச்சுகினார். அந்த உலகக் கோப்பையில ஆடின பாலு, அஸ்டெகா, முழுக்க சிந்தெடிக், உலகக் கோப்பையில தோல் இல்லாத மொத பாலு அதுதான். அன்னிக்கு திண்ணையில உக்காந்திருந்த தோல்காரங்களுக்கு அது தெரியாது. கொஞ்ச வருஷத்துல எங்க கிளப்புக்கும் அந்த வகை பாலு வந்துடுச்சு, தண்ணி குடிக்காது, நெத்தி கிழிக்காது. நல்ல பாலுதான், புங்க எண்ணெய் கிண்ணத்துக்கு மட்டும் வேலை போயிடுச்சு.

அப்புறம் ஜெர்மனி. 1989 கடைசியில அவங்க ஊர்ல பி.சி.பி.ன்னு ஒரு மருந்தத் தடை பண்ணாங்க, தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்கறதுக்குப் போடறது, நம்ம ஷாப்புங்கள்ல எல்லாம் பொழக்கத்துல இருந்துச்சு. சரக்கு அங்க போயி டெஸ்ட்ல நின்னு போச்சு, ஆர்டர் நின்னு போச்சு. அடுத்த கோடையில இத்தாலி உலகக் கோப்பை ஃபைனல்ல பிரெமெங்கறவர் பெனால்டி போட்டு மேற்கு ஜெர்மனி மரடோனாவோட அர்ஜென்டினாவ 1-0ன்னு ஜெயிச்சுது. மரடோனா அழுததுக்காக அழுதவங்க பாதிப்பேர், வேலை போனதால ஜெர்மனி மேலயே கோபத்துல இருந்தவங்க மீதிப்பேர். அந்த சீசன்ல டீம்லருந்து மொத மொத ஆளுங்க ஊரை விட்டுப் போனாங்க.

பெரிய அடி 1996. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல ஆகஸ்ட் 28 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டுல நீதிபதி குல்தீப் சிங் பெஞ்சு தீர்ப்பு சொல்லுச்சு. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீர சுத்திகரிக்க ஏற்பாடு பண்ணாத ஷாப்பு மூடணும். நம்ம நாட்டு சுற்றுச்சூழல் சட்டத்துல சட்டக் கல்லூரி பசங்க எல்லாம் படிக்கற தீர்ப்பு. அது சரியான தீர்ப்புன்னு நான் நெஞ்சுல கை வச்சு சொல்லுவேன், எங்க தெரு கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியாது, பாலாத்தங்கரை வயலெல்லாம் உப்புப் பூத்துக் கெடந்துச்சு, அதுக்கு யாராவது கணக்கு கேக்கத்தான் வேணும். ஆனா பொது சுத்திகரிப்பு நிலையத்துல சேர பணம் கட்ட முடிஞ்ச பெரிய ஷாப்பு தப்பிச்சுது, சின்ன ஷாப்பு போச்சு, எங்க பிளேயருங்க பாதிப்பேர் சின்ன ஷாப்பு ஆளுங்க. லெஃப்ட் அவுட்டு பெங்களூர் போயி செக்யூரிட்டி ஆனான், ஸ்டாப்பர் சவுதிக்குப் போனான், கேப்டன் ஆட்டோ ஓட்டினார். அந்த வருஷம் டோர்னமென்ட் நடத்தல, என்ட்ரி ஃபீஸ் கட்ட காசில்லாம வெளியூருக்கும் போவல. கிளப்பு ரூம் வாடகைய பழைய கோலி ஒருத்தர் தன் கையிலருந்து கட்டிகினு வந்தார், யாருகிட்டயும் சொல்லல. அவரு சம்சாரம் சொல்லித்தான் ரொம்ப வருஷம் கழிச்சு எங்களுக்குத் தெரிஞ்சுது. கிளப்பு அன்னிக்கு மூடாம இருந்ததுக்கு அவரு ஒருத்தர்தான் காரணம்.

அதுக்கு அப்புறம் இருக்கற பதினஞ்சு இருவது வருஷத்தப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. டென்னிஸ் பால் கிரிக்கெட்டு கிரவுண்ட எடுத்துகிச்சு, ஞாயித்துக்கெழமை மட்டும் ஆட்டம், ஐ.எஸ்.எல்.னு இந்தியன் சூப்பர் லீக் வந்து சென்னையின் எஃப்.சி. 2015ல கோப்பை ஜெயிச்சப்போ நீல ஜெர்சி போட்டுகினு பசங்க கொஞ்ச நாள் வந்தாங்க. இப்ப டர்ஃபு, மணிக்கு இவ்ளோன்னு வாடகை, அஞ்சு பேர் ஆட்டம். டர்ஃபுல ஆடற பையன் கால் அழகா இருக்கு, பாஸ் சுத்தமா இருக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா காசு இருக்கறவன் காசு இருக்கறவனோட ஆடறான், பானையும் டம்ளரும் அங்க இல்ல.

இப்ப எங்க கிளப்புல உசுரோட இருக்கறது பொண்ணுங்க டீம். இதை எழுதணும்னுதான் நான் இவ்ளோ தூரம் வந்தேன். எங்க ஊரு ஷூ கம்பெனியில வேலை செய்யறவங்க பெரும்பாலும் பொம்பளைங்கதான், சுத்துப்பட்டு கிராமத்துலருந்து கம்பெனி பஸ்ல வருவாங்க. அவங்க பொண்ணுங்கதான் இந்த டீமு. 2018ல தமிழ்நாடு பெண்கள் டீம் நேஷனல் ஃபைனல்ல மணிப்பூர 2-1ன்னு ஜெயிச்சு மொத மொத சாம்பியன் ஆச்சே, மணிப்பூர்னா பெண்கள் புட்பால்ல அசைக்க முடியாத டீம், அடுத்த வருஷமே மதுரை சேது எஃப்.சி. இந்தியன் விமன்ஸ் லீக் ஜெயிச்சுது. அந்த வீடியோவ செல்லுல பாத்துட்டு நாலு பொண்ணுங்க ஸ்கூல் பி.டி. டீச்சரைக் கூட்டிகினு கிளப்பு ரூமுக்கு வந்து "எங்களுக்கும் கத்துத் தருவீங்களா சார்"னு கேட்டாங்க. கமிட்டியில ரெண்டு பேர் மொகத்த சுளிச்சாங்க. வாடகை கட்டின அந்தப் பழைய கோலி எழுந்து, "நாளைக்கு வாங்கம்மா, ஷூ இல்லன்னாலும் பரவால்ல"ன்னு சொல்லிட்டு அவங்களுக்கு முன்னாடி போயி நின்னார்.

அவருதான் இப்பவும் கோச். முட்டி ரெண்டும் போயிடுச்சு, நாற்காலி போட்டு உக்காந்துகினு கத்துவார். ஹிஜாப் கட்டிகினு ஆடற பொண்ணு இருக்கு, சேரிப் பொண்ணு இருக்கு, பைபாஸ் அந்தப் பக்கம் வன்னியர் தெருப் பொண்ணு இருக்கு, அந்தக் காலத்து மாஸ்டர் கேட்ட அதே கேள்வியத்தான் அவரும் கேக்கறார், "உன் ஜாகா எதும்மா?" தண்ணி இப்ப இருவது லிட்டர் கேன்ல வருது, டம்ளர் இன்னும் ஒண்ணுதான்.

கஷ்டம் இல்லாம இல்ல. ட்ரெஸ் மாத்த ரூம் இல்ல, பாத்ரூமுக்கு பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்குத்தான் போறாங்க, அந்த அக்கா மட்டும் கதவத் திறக்கலன்னா டீமே இல்ல. பூட்ஸ் சின்ன சைஸ் இங்க கெடைக்காது. போன மாசம் ஒரு பொண்ணோட பூட்ஸ் பக்கத்துல பொளந்துடுச்சு, அவங்கம்மா கம்பெனியில அப்பர் தைக்கறவங்க, ஞாயித்துக்கெழமை வீட்டுல ஊசியும் மெழுகு நூலும் வச்சு டபுள் தையல் போட்டுக் குடுத்தாங்க, கம்பெனி தையல விட அது கெட்டி. எவ்ளோ ஜோடி வெளிநாட்டுக்கு தைச்சிருப்பாங்க, தன் பொண்ணு காலுக்கு தைச்சது அதுதான் மொத தடவையாம். சொல்றப்போ சிரிச்சாங்க.

நேரம்தான் மறுபடியும் பிரச்சனை. ஸ்கூல் விட்டு வந்தா தம்பி தங்கச்சியப் பாத்துக்க ஆள் வேணும், அம்மா ஷிஃப்ட் முடிஞ்சு வந்தாத்தான் இவளால வெளிய வர முடியும், அதுக்குள்ள இருட்டிடுது. அதனால கமிட்டியில பேசி பிராக்டீஸ ஆறரைக்கு மாத்தறதா முடிவு பண்ணியிருக்கோம், கம்பெனி பஸ்ஸு எங்க கிரவுண்டு முனையில நிக்கும், அம்மாங்க எறங்கி நேரா வந்து உக்காரலாம், சின்னப் பசங்களயும் அங்கயே வச்சுக்கலாம். அதுக்கு நாலு லைட் கம்பம் வேணும், மண்டிக்காரர் ஒருத்தர் ரெண்டுக்கு ஒத்துகினார், மீதி ரெண்டுக்கு ரசீது புக்கு அடிச்சாச்சு. ஊர்க்காரங்க, வெளிநாட்டுல இருக்கற நம்ம பழைய பிளேயருங்க குடுக்கலாம், அதோட உங்ககிட்ட இருக்கற பழைய டீம் போட்டோவும் குடுங்க, பின்னாடி யாரு யாருன்னு பேரு எழுதிக் குடுங்க, முக்கியமா தொட்டி வேலைக்குப் போனவங்க பேரு.

பொண்ணுங்க டீமுக்கு ஜில்லா மேட்ச் என்ட்ரி ஃபாரம் போடணும், வயசு சர்டிபிகேட்டு, ஆதார் ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் சேத்தாச்சு, ரெண்டு பொண்ணுக்கு மட்டும் அப்பா கையெழுத்து பாக்கி. கோச் நேத்து ஒரு வீட்டுல போயி பேசி வாங்கிட்டார். இன்னொரு வீட்டுக்கு நாளைக்கு சாயந்திரம் நானும் அவரும் போறோம், அவங்கப்பா ரெண்டாவது ஷிஃப்ட்டாம், கெளம்பறதுக்கு முன்னாடி பாக்கணும்.